மூன்றாம் சரணத்தின் கடைசி அடி

சிதம்பரம்
4-11-2010

அன்புள்ள மாமா,

மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் கட் செய்துவிட்டீர்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா?

நாளைக்குத் தீபாவளி. பஸ் ஸ்டாண்டில் எள் போட இடம் இல்லை. டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து, மைக்கில் புவனகிரி வண்டி, சேத்தியாத்தோப்பு வண்டி என்று கத்திக்கொண்டே நடுநடுவே இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வண்டிகள்மேல் பழி போடுங்கள்.

உங்கள் சர்ச்சில், விளைச்சலைப் படைக்கிற அறுப்பின் பண்டிகை அன்று நடந்ததில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா போய் இரண்டரை மாதம். நீங்கள் வழக்கம்போல முன்னே நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் கோயிலில் ஆர்மோனியம்கூடக் கிடையாது. ஒவ்வொரு சரணத்துக்கும் முதல் சொல்லை நீங்கள் தனியாக எடுத்தால்தான் சபை வாயைத் திறக்கும். 214ஆம் பாட்டு. இரண்டு சரணம் ஆயிற்று. மூன்றாவதற்கு வாயைத் திறந்தீர்கள், சத்தம் வரவில்லை. தூண்களில் கட்டியிருந்த கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நூற்றைம்பது பேரும் புத்தகத்தைப் பிடித்தபடி உங்களையே பார்த்தார்கள். கூரைமேல் புறா நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பொறுக்க முடியவில்லை. கடைசி வரிசையிலிருந்து நான் எடுத்துவிட்டேன்.

*கொடுத்ததும் உம் கரம், எடுத்ததும் உம் கரம்,
கேள்வி ஒன்றும் இல்லை என்னிடம்.*

சபையும் சேர்ந்து பாடி முடித்தது. அதற்குத்தான் வாசலில் வைத்து என் சட்டையைப் பிடித்தீர்கள். "ஞானஸ்நானம் வாங்காதவன்டா நீ! உனக்கு என்னா விசுவாசம் இருக்குன்னு பாடுன?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள்.

நான் உங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை. தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். ஆனால் என்ன தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். அக்காவுக்குப் பிறகு எனக்கென்று இருக்கிற வீடு அது ஒன்றுதான்.

உங்கள் மச்சான்
தட்சிணாமூர்த்தி


கடலூர் முதுநகர்
14-11-2010

திரு. தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எனக்குக் கேள்வி இருக்கிறது. காய்ச்சல் என்று நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளை ஒன்பதாம் நாள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். முப்பத்தாறு வயது. ஏன் என்று கேட்கிறேன். படுக்கும்போது கேட்கிறேன், ஆபீசில் வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு கேட்கிறேன். அப்படி இருக்கிறவன் கர்த்தருக்கு முன்பாக நின்று கேள்வி ஒன்றும் இல்லை என்று எப்படிப் பாடுவான்? இருபது வருஷமாகப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறேன். பொய் பாடினதில்லை. அன்றைக்கு என்னிடம் உண்மையாக இருந்தது அந்த மௌனம் ஒன்றுதான். அதையும் நீங்கள் வந்து மூடிவிட்டீர்கள். என்ன பாடுகிறோம் என்றே தெரியாமல், கடையில் ரேடியோ பாடுகிற மாதிரி பாடினீர்கள்.

ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். தீர்மானம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். உங்கள்மேல் எனக்கு விரோதம் இல்லை. வீட்டுக்கு வரலாம். கோயிலைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

சார்லஸ்


சிதம்பரம்
22-11-2010

அன்புள்ள மாமா,

திரு என்றும் அவர்களுக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பென்ஷன் ஆபீசிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

ரேடியோ என்று சொன்னீர்கள். அந்த ரேடியோ எப்படி உங்கள் கோயிலுக்கு வந்தது என்று கேட்டதுண்டா? நீங்களும் அக்காவும் கல்யாணம் செய்துகொண்டபோது எங்கள் அப்பா சிற்றம்பலம் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். "அவ வூட்டு வாசப்படிய எவன் மிதிச்சாலும் அவன் எனக்குப் புள்ள இல்ல." உங்கள் வீட்டுக்கு வந்தால் சாயங்காலத்துக்குள் புவனகிரிக்குத் தகவல் போய்விடும். கோயிலுக்குள் எவன் வந்து பார்க்கப்போகிறான்? அதனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோர் தலையிலும் முக்காடு. முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் அக்காவைக் கண்டுபிடிப்பேன். ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லை மற்றவர்களைவிட ஒரு இழுப்பு ஜாஸ்தி இழுப்பாள். அந்த இழுப்பு கேட்டால் நல்லா இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வந்திருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நானும் பாடியாக வேண்டும். பாட்டைப் படித்தேன், சத்தமாகப் பாடினேன். அப்பா இருந்தவரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டது அப்படித்தான். அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. பாட்டு தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உங்கள்
தட்சிணாமூர்த்தி


கடலூர் முதுநகர்
6-3-2011

தட்சிணாமூர்த்திக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. எழுத வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பாட்டு எடுத்துக் கொடுப்பதை விட்டுவிடுகிறேன் என்று போதகரிடம் சொன்னேன். வேறு யாருக்கும் ராகம் நிற்காது என்று அவர் விடவில்லை. சரி, மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் செய்வோம் என்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். பாட்டு எண் சொல்லும்போதே ஒன்று, இரண்டு, நாலாம் சரணம் என்று சொல்லிவிடுவேன். பாட முடியாததை விட்டுவிடுவேன். முதலில் 214 மட்டும்தான். பிறகு ஒவ்வொரு பாட்டாக முந்தின நாளே எடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன். என் கவலை எல்லாம் நீங்கிற்று. நீங்கவில்லை, விடு. எந்நேரமும் மகிழ்கிறேன். எங்கே மகிழ்கிறேன்? விடு. இப்படியே போய், போன ஞாயிறு ஐந்து சரணப் பாட்டில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. சபை உட்காரலாமா நிற்கலாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது.

மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிற தைலம்மாள் அக்காவை உனக்குத் தெரியுமே, கோயிலில் உன் அக்கா அமராவதிக்குப் பக்கத்தில் நின்றவள். வாசலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி பாட்டுக்கெல்லாம் கத்தரி போட்டுக்கிட்டு வருது. ஆமென் மட்டும் மிஞ்சப்போவுது" என்றாள். சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் துறைமுகம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். உண்மையாக இருக்க வேண்டும் என்றுதானே இதைச் செய்தேன்? ஏன் திருடின மாதிரி இருக்கிறது?

சார்லஸ்


சிதம்பரம்
15-3-2011

அன்புள்ள மாமா,

தைலம்மாள் அக்காவின் கத்தரியைப் படித்து டைம் கீப்பர் அறையில் தனியாகச் சிரித்தேன். கண்டக்டர் சபாபதி, "என்னா சார், சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

சிரிப்பு போகட்டும். ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்துவிட்டேன். அறுப்பின் பண்டிகை அன்றே வாசலில் சொல்லியிருப்பேன், நீங்கள் சட்டையை விடவில்லை.

அந்த அடியை அக்காவும் பாடினதில்லை.

2003இல் அப்பா செத்தபோது அவள் புவனகிரிக்கு வந்தாளே, தெருமுனையிலேயே பங்காளிகள் நிறுத்திவிட்டார்களே, ஞாபகம் இருக்கும். சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் முனைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அதற்கு அடுத்த மாதம் 214 பாடினீர்கள். மூன்றாம் சரணம் வந்தது. கொடுத்ததும் உம் கரம் பாடினாள், எடுத்ததும் உம் கரம் பாடினாள். கேள்வி ஒன்றும் இல்லை வந்தபோது அந்த இழுப்பு இல்லை. நான் தப்பாகக் கேட்டேனோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தப் பாட்டு வந்ததோ அத்தனை தடவையும் அந்த ஒரு அடியில் அவள் குரல் நின்றுவிடும். நாலாம் சரணத்தில் மறுபடி வந்துவிடும். ஏழு வருஷம் மாமா. அந்தக் கோயிலில் அவள் குரலை மட்டும் கேட்பதற்கென்று வந்தவன் நான் ஒருவன்தான், அதனால் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் இல்லை. நீங்களும் நின்றுவிட்டீர்கள். இரண்டு பேர் விட்ட இடத்தில் நான் சும்மா நிற்கவா? அதனால்தான் பாடினேன்.

உங்கள்
தட்சிணாமூர்த்தி


கடலூர் முதுநகர்
19-3-2011

தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்பதால் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாமா? பதினோரு வருஷம் என்னோடு ஜெபம் செய்தவள் அவள். அவளுடைய விசுவாசத்தைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். இனி கடிதம் எழுத வேண்டாம்.

சார்லஸ்


கடலூர் முதுநகர்
28-8-2011

மச்சான்,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

19ஆம் தேதி அவளுடைய முதல் வருஷம். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே யாரோ வந்து கல்லின்மேல் கனகாம்பரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் சபையில் எல்லோரும் ரோஜா வைப்பார்கள். அவளுக்குக் கனகாம்பரம் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். நாற்பது கிலோமீட்டர் வந்தவன் எனக்குப் பயந்து திரும்பிப் போயிருக்கிறாய். அந்தப் பூவைப் பார்த்தபோது நான் எவ்வளவு பெரிய முரடன் என்று தெரிந்தது.

உன் மார்ச் மாதக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் அது இருக்கிறது என்று தெரியும். கல்லறைக்குப் போய் வந்த மறு ஞாயிறு தைலம்மாள் அக்காவிடம் போய்க் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நீ பொய் சொன்னாய் என்று அவள் வாயால் கேட்கத்தான் போனேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத இப்பத்தான் கேக்குறியா? அந்த அடி வந்தா புஸ்தகத்தயே பாத்துக்கிட்டு நிக்கும். நான் அதுக்கும் சேத்துப் பாடிடுவேன். எனக்கு மட்டும் எல்லா அடியும் வருதா என்னா? பகைச்சவன மன்னிச்சேன்னு ஒரு பாட்டு வருதுல்ல, என் கொழுந்தன் மனைய ஏமாத்தி எழுதி வாங்கினதுலேருந்து அது எனக்கு வாய்ல வராது. அதுல அமராவதி எனக்கும் சேத்துப் பாடும்."

"பேசி வச்சுக்கிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இதப் போயி பேசுவாங்களா? பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியாதா?"

மச்சான், நான் முன்னே நின்றேன். முழுச் சபையின் சத்தமும் எனக்குக் கேட்டது. என் வீட்டுக் குரல் அதில் நின்றுபோனது கேட்கவில்லை.

இன்னொன்றும் இப்போது ஞாபகம் வருகிறது. உங்கள் அப்பா செத்த அந்த வாரம், சமையல்கட்டில் நின்றுகொண்டு, "ஏங்க, கர்த்தர் இத ஏன் இப்படிப் பண்ணாரு?" என்று கேட்டாள். நான் வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்லி, "அப்படிக் கேக்கக் கூடாது அமராவதி, அது விசுவாசக் குறைவு" என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. நான் கேட்க விடவில்லை. இப்போது அதே கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.

கோயிலுக்கு வா. கடைசி வரிசையில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

சார்லஸ்


சிதம்பரம்
10-9-2011

அன்புள்ள மாமா,

மச்சான் என்ற ஒரு சொல்லுக்காகவே கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

ஆனால் வருவதற்கில்லை. கல்லறைக்கு வந்த அன்று நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். காகிதம் அப்படியே இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தால் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. உனக்கு என்ன விசுவாசம் இருக்கு என்று கேட்டீர்களே, கோபத்தில் கேட்டதை நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்கவில்லை. வண்டி இல்லாத நேரத்தில் உங்கள் பாட்டுகளை முணுமுணுப்பது என் வழக்கம். இப்போது ஒரு அடி பாடினால், இதை நீ நம்புகிறாயா என்று உள்ளே ஒருத்தன் கேட்கிறான். பாட்டு நின்றுவிடுகிறது. பதினோரு வருஷம் சுகமாகப் பாடிக்கொண்டிருந்தவனைக் கெடுத்துவிட்டீர்கள்.

குற்றம் சொல்லவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

உங்கள்
தட்சிணாமூர்த்தி


கடலூர் முதுநகர்
4-1-2012

மச்சான்,

இதை உங்கள் சபாபதி கையில் கொடுத்தனுப்புகிறேன். புயலுக்குப் பிறகு தபாலும் இல்லை, போனும் இல்லை, கரண்டும் இல்லை. அவர் சிதம்பரம் வண்டியை விழுந்து கிடக்கிற மரங்களுக்கு நடுவே எப்படியோ இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். "சார் அஞ்சு நாளா உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார். நான் உயிரோடு இருக்கிறேன். வீட்டில் ஒரு ஜன்னல் மட்டும் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அடித்த காற்றை எழுதிக் காட்ட முடியாது. கோயில் ஓடுகளில் பாதிக்குமேல் பறந்துவிட்டன. பலிபீடத்தருகே நின்று அண்ணாந்தால் வானம் தெரிகிறது. ஆனால் பார், அத்தனை ஓடுகளையும் கொண்டுபோன புயல் நோட்டீஸ் போர்டிலிருந்த அந்தத் தீர்மானத்தை மட்டும் தொடவில்லை. என்னையே செய்யச் சொல்கிறாற்போல இருந்தது. கிழித்துவிட்டேன். கமிட்டிச் செயலர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "நான் எழுதிக் குடுத்தது, நானே எடுத்துக்குறேன்" என்றேன். தலையாட்டிவிட்டு ஓடு பொறுக்கப் போய்விட்டார்.

ஞாயிறு புது வருஷ ஆராதனை. அறுபது பேர் வந்திருப்பார்கள். பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் நனைந்து ஊறி, பிரித்தால் கிழிந்தன. அதனால் ஒவ்வொரு அடியையும் நான் பாடிக் கொடுக்க, அவர்கள் திருப்பிப் பாடுவது என்று ஆயிற்று. போதகர் 214 என்றார். எதையும் விடச் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குக் கத்தரியை எடுக்கத் தைரியம் இல்லை.

கொடுத்ததும் உம் கரம் என்றேன். பாடினார்கள். எடுத்ததும் உம் கரம் என்றேன். பாடினார்கள். அதற்குமேல் எனக்கு வரவில்லை. அந்த அறுப்பின் பண்டிகையில் நின்ற அதே சரணம், அதே மௌனம். இந்தத் தடவை பின்னால் நீ இல்லை. பின் வரிசையைப் பார்த்தேன், ஈரமான பெஞ்சுதான் இருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தைலம்மாள் அக்கா பாடினாள். அவள் குரல் உனக்குத் தெரியும், தக்காளி கூவி விற்கிற குரல். என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, *கேள்வி ஒன்றும் இல்லை என்னிடம்* என்று பாடினாள். சபை அவளைப் பிடித்துக்கொண்டு பாடியது. நான் பாடவில்லை, கேட்டேன். நாலாம் சரணம் வந்தது. *விட்டுப் போகாமல் இரும், என் வாசலில் இரும்.* அதை எடுத்தேன் மச்சான். பதினாறு மாதத்துக்குப் பிறகு அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது. அது பொய் இல்லை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம், "உங்களுக்குக் கேள்வி இல்லியா?" என்று கேட்டேன்.

"வூட்டுக் கூரையே இல்ல, கேள்வி இல்லாமயா? மூணு நாளா கர்த்தரோட சண்டதான் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்காவ பாட்ட நடுவுல வுட்டுட முடியுமா? உனக்கும் அமராவதிக்கும் சேத்துத்தான் பாடுனேன், போ."

அன்றைக்கு நீ செய்ததும் இதுதான். நான் சட்டையைப் பிடித்தேன். நான் ஒருவனே எல்லா அடியையும் நம்பித் தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

வரும் ஞாயிறு வருவாயா?

உன் மாமா
சார்லஸ்


சிதம்பரம்
6-1-2012

அன்புள்ள மாமா,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சபாபதி சொன்னபோது மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். நான் அழுதது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. பரங்கிப்பேட்டை வண்டிக்கு நின்ற ஒரு அம்மா வந்து சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கேள்வியையும் திருப்பி எடுக்க வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும். பதில் கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

ஞாயிறு முதல் வண்டியில் வருகிறேன். கூரை போடத் தார்ப்பாய் இரண்டு கொண்டுவருகிறேன், ஒன்று கோயிலுக்கு, ஒன்று தைலம்மாள் அக்கா வீட்டுக்கு. கடைசி வரிசையிலேயே உட்காருகிறேன். 214 பாடுங்கள், எதையும் விடாமல் பாடுங்கள். ஆனால் மூன்றாம் சரணத்தின் கடைசி அடியில் என்னை நம்பி இருக்காதீர்கள். இப்போதெல்லாம் எனக்கும் அது வருவதில்லை.

தைலம்மாள் அக்காவிடம் சொல்லி வையுங்கள், இன்னும் ஒரு ஆளுக்குச் சேர்த்துப் பாட வேண்டும் என்று.

உங்கள் மச்சான்
தட்சிணாமூர்த்தி